எடை குறையாதவர்கள் சோம்பேறிகளா? அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

"எடை குறையாதவர்கள் சோம்பேறிகள், கவலைக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை" என்று ஒரு செய்தி வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. உடல் பருமனை நாள்பட்ட நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; அதன் இணையதளத்தில் பார்க்கலாம். மன அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடும், நாக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடும்.

எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கைக்கூடப் போடாமல் அடுப்படியில் நின்றபடியே மிக்சர் டப்பாவைக் காலி செய்வாள் என் அக்கா. அது பசியில்லை, துக்கம். திட்டினால் இன்னும் ஒளிந்துதான் சாப்பிடுவாள்.

சில மனநல மருந்துகளாலும் எடை ஏறலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் கேட்கலாம். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.