நான்கு பிக்சலுக்கு ஒரு முழு மதியம்

புரத வரிசைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் மென்பொருளின் நேற்றைய அப்டேட்டுக்கு அப்புறம் உங்கள் திரையிலும் வரிசைகள் நகர்கின்றனவா? இங்கே கோலாலம்பூரில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு முழு மதியம் அதிலேயே போய்விட்டது.

திரையில் டிங்கி வைரஸின் உறைப் புரதம், அதாவது அதன் வெளிப்புறத்தை மூடும் புரதம். ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலம். வரிக்கு 60 எழுத்து, மேலே எண் அளவுகோல். பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான். "அக்கா, இந்த மாதிரியில் 153-இல் அஸ்பராஜின் இல்லை. கிளைசின் இருக்கிறது!" இரண்டும் வெவ்வேறு அமினோ அமிலங்கள்.

153 என்ன சாதாரண இடமா? டிங்கி உறையில் சர்க்கரை ஒட்டும் இரண்டு இடங்களில் அது ஒன்று, இன்னொன்று 67. அது போய்விட்டது என்றால் பெரிய செய்தி. போய்ப் பார்த்தேன். 153-க்கு நேர் கீழே பளிச்சென்று கிளைசின்.

மூலத் தரவைத் திறந்தோம். அஸ்பராஜின். மறுபடி அலைன் செய்து, அதாவது வரிசைகளை இடத்துக்கு இடம் பொருத்தி, திரையில் போட்டோம். கிளைசின். பக்கத்து கணினியில் போட்டோம். அங்கேயும் கிளைசின். மாதிரிக் குழாய் மாறிவிட்டதோ என்று குளிர்பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தாயிற்று. கடைசியில் திரையில் விரலை வைத்து, வரி ஆரம்பிக்கும் 121-இலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எண்ணினேன். முப்பத்து மூன்றாவது எழுத்து, அதாவது 153, அஸ்பராஜின்தான்! ஆனால் அது நின்றது 154-க்குக் கீழே.

அப்டேட்டில் செய்த வேலை இது: மற்ற வரிசைகளிலிருந்து மாறும் எழுத்துக்கு நிறம் பூசி, அழகுக்காக இருபுறமும் இரண்டிரண்டு பிக்சல் பேடிங், அதாவது வெற்றிடம், வைத்திருக்கிறார்கள். எங்கள் வரியில் 153-க்கு முன்னால் அப்படி மூன்று எழுத்து. மொத்தம் 12 பிக்சல். ஓர் எழுத்தின் அகலமே 10 பிக்சல்தான். அந்த வரி மட்டும் ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டது, மேலே அளவுகோல் அசையவே இல்லை.

ஒரே நெடுவரிசையில் நிற்கும் எழுத்துகள் ஒரே மூதாதை இடத்திலிருந்து வந்தவை. இதைக் காட்டத்தானே இந்த மென்பொருளே இருக்கிறது? எல்லா எழுத்தும் சம அகலத்தில் வரும் எழுத்துருவை இத்தனை காலம் விடாமல் வைத்திருப்பதும் இதற்காகத்தானே? ஜென்பேங்க் என்ற பொது மரபணு வரிசைத் தரவுத்தளத்தின் கோப்பைப் பாருங்கள். பத்துப் பத்தாக ஆறு கட்டு, நடுவில் வெறும் இடைவெளி. நிறம் கிடையாது, ஆனால் ஓர் எழுத்துகூட இடம் மாறாது. நிறம் வேண்டுமா, எழுத்துக்குப் பின்னால் பூசுங்கள். கட்டத்தின் அகலத்தைத் தொடாதீர்கள்!

மாதிரிப் பெயர்களையும் பத்து எழுத்தோடு வெட்டிவிட்டார்கள். எங்கள் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், வித்தியாசம் கடைசி மூன்று எண்ணில்தான். இப்போது பன்னிரண்டு வரிக்கும் ஒரே பெயர்.

தம்பியின் முகம் வாடிப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் கண்டுபிடிப்பு என்று அம்மாவுக்கு போன்கூடப் போட்டுவிட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு கீழே மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்குப் போனேன். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), குராங் மானிஸ் (இனிப்பு குறைவாக) என்று இரண்டு தடவை சொன்னேன். பாதி டின் பாலை ஊற்றிக் கொண்டுவந்து வைக்கிறார். சர்க்கரை குறைவு என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்குத்தான் காது கேட்கிறது?