பழைய சுவருக்கு சீமெந்து வேண்டாம்

கொழும்பு புறக்கோட்டைப் பழைய கட்டடத்தின் ஈரச் சுவரை மகளிர் மரபுரிமைச் சங்கம் சீமெந்து பூசிச் சீர்செய்யப் போவதாக ஒரு கட்டுரையில் படித்தேன். தயவுசெய்து பூசவேண்டாம் சகோதரிகளே.

இத்தகைய பழைய சுவர்களின் கபுக் கல் (செம்பூரான் கல்) நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சீமெந்து விடாது. அடைபட்ட ஈரம் மேலேறி, அங்கே உப்புப் பூக்கும். அப்போது பூச்சைத் தட்டினால் டொக்கென்று வெற்றொலி கேட்கும். பெயர்த்தால் உள்ளே கல் செம்பொடியாகக் கொட்டும். ஒல்லாந்தர் கட்டி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த கொழும்பு வொல்வெண்டால் தேவாலயத்தின் ஐந்தடித் தடிப்புச் சுவர்களும் கபுக் கல்லும் சுண்ணாம்பும்தான்.

நீற்றிய சுண்ணாம்பை இரண்டு மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல் சேருங்கள். கடல்மணல் கூடவே கூடாது, உப்பை நாமே சுவருக்குள் ஏற்றுவதாகிவிடும். முதல்நாளே சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் பூசி, ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காக்கவேண்டும். கொழும்பு வெயிலில் வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும்; மேசன்மார் அவசரப்படுவது இங்கேதான். பருவமழைக் காலத்தில் தொடங்கவேண்டாம், ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்தால் ஈரம் மறுபடி அடைபட்டுப் பாடெல்லாம் வீண். பால்போல் கரைத்த சுண்ணாம்பை நாலைந்து முறை மெல்லியதாக அடியுங்கள்.

வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் கூட வரும், சுவரோடு ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னர் தொல்பொருள் திணைக்களத்திடம் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமானால் அனுமதியின்றிக் கை வைப்பது குற்றம்.