கல்லைத் தட்டிக் காட்டாமல் கற்காலத்தை நடத்தாதீர்கள்

டென்மார்க்கின் 100 குரோனர் நோட்டு எங்காவது கண்ணில் பட்டால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கத்தியின் படம் இருக்கும். சிக்கிமுக்கிக் கல்லில் செய்தது. ஹின்ட்ஸ்கவ்ல் கத்தி என்று பெயர், கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 29.5 சென்டிமீட்டர். தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அலகு, பிடி, மீன்வால் போல விரிந்த பிடியின் அடி எல்லாமே ஒரே கல். கி.மு. 1900 முதல் 1700க்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டித் தட்டி எடுத்திருக்கிறார்.

அந்த நேரத்தில் அங்கே வெண்கலக் கத்தி வந்துவிட்டது. உலோகக் கத்தியின் வடிவத்தைப் பார்த்து, அதைக் கல்லில் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் கல் வேலை உச்சத்தைத் தொட்டதே உலோகம் எட்டிப் பார்த்த பிறகுதான்.

நம் பள்ளிக்கூடத்தில் சொன்ன கதை வேறு. முதலில் கல், அப்புறம் செம்பு, அப்புறம் வெண்கலம், அப்புறம் இரும்பு. வரிசையாக மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். கல் என்றால் வேறு வழி தெரியாத ஆள் கையில் எடுத்தது என்று மனதில் பதிந்துபோனது. ‘கரடுமுரடான கற்கருவிகள்’ என்று ஒரு வரி, பக்கத்தில் முடி வளர்ந்த மனிதன் கல்லைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம், அவ்வளவுதான் பாடம். இந்தப் பாடம் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கல்லைத் தட்டி, அதிலிருந்து கழலும் மெல்லிய சில்லான செதில் ஒன்றையாவது கண் முன்னால் எடுத்துக் காட்டாமல் கற்காலத்தை நடத்தக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். சிக்கிமுக்கி, அதன் உறவுக்காரக் கல்லான செர்ட், எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன், மணற்கல் இறுகி உருவான நயமான குவார்ட்சைட் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. ஜல்லிக் கருங்கல் மாதிரி மணிமணியாக உதிராது. பலகை மாதிரி ஒரே திசையில் பிளக்கவும் செய்யாது. அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை கூம்பாக விரியும். ஜன்னல் கண்ணாடியில் சின்னக் கல் வேகமாகப் பட்டால் மறுபக்கம் கூம்பாகப் பெயர்ந்து விழுமே, அதே இயற்பியல்தான். நடுவில் அடிக்காமல் விளிம்பில் சாய்வாக அடித்தால், அந்தக் கூம்பின் ஒரு கீற்று மட்டும் செதிலாகக் கழன்று வரும். செதிலின் உட்பக்கம் அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அங்கிருந்து அலை அலையாக வளையங்கள் கிளம்பும். தானாக உடைந்த கல்லையும் ஆள் உடைத்த கல்லையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு யோசனையோடு செதில் எடுத்த வரிசை தெரிகிறதா என்பது அதைவிட முக்கியமான அடையாளம்.

அடிக்கும் முகத்துக்கும் செதில் கழலும் முகத்துக்கும் இடையிலான கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு பலமாக அடித்தாலும் கல் கொடுக்காது. ஏற்கெனவே எடுத்த இரண்டு செதில்களின் தழும்புகளுக்கு நடுவே ஒரு மேடு நிற்கும். அடுத்த செதில் அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். ஆக, இப்போது எடுக்கும் செதில் அதற்கடுத்த செதிலுக்குப் பாதை போடுகிறது. பாதை சரியில்லை என்றால் செதில் பாதியிலேயே முறிந்து கல்லின் முகத்தில் ஒரு படி நிற்கும். அடுத்து வருகிற செதிலெல்லாம் அங்கே வந்து முட்டி நிற்கும்.

இன்னொன்று, பார்த்தால்தான் நம்ப முடியும். ஒரு கல்லின் அகலத்தைக் குறைக்க யாராலும் முடியும். அகலம் குறையாமல் தடிமனைக் குறைப்பதுதான் வித்தை. அதற்கு செதில் விளிம்பில் தொடங்கி முகத்தின் நடுவைத் தாண்டி ஓட வேண்டும். அப்படி ஓட வைக்க, விளிம்பு அடியைத் தாங்க வேண்டும். கூர்மையான விளிம்பு தாங்காது, நொறுங்கிவிடும். அதனால் சொரசொரப்பான கல்லால் விளிம்பைத் தேய்த்து முதலில் மழுங்கடிப்பார்கள். கூராக்கப் போகிற பொருளை வேண்டுமென்றே மொக்கையாக்கிவிட்டு அடிப்பது! நாலைந்து படி முன்னால் யோசிக்கிற ஆளுக்குத்தான் இது தோன்றும். அப்புறம் கல் சுத்தியலை வைத்துவிட்டு மான் கொம்பை எடுப்பார்கள். கொம்பு கொஞ்சம் மென்மையானது, விளிம்பைக் கவ்விக்கொண்டு அடிக்கும். செதில் அகலமாக, மெல்லியதாக வரும்.

அம்புமுனைக்குக் கடைசி வேலை வேறு மாதிரி. அங்கே அடியே கிடையாது, அழுத்தம்தான். நான் பழகுவது பாட்டிலின் தடித்த அடிப்பாகத்தில். இடது உள்ளங்கையில் தடித்த தோல் துண்டு, அதன் மேல் கண்ணாடி. வலது கையில் மரப்பிடி போட்ட செம்புக் கம்பி. கம்பி நுனியை விளிம்பில் பதித்து, முதலில் கண்ணாடிக்குள் தள்ளுவது போல அழுத்த வேண்டும். அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும்போது கையை லேசாகக் கீழே இறக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். சத்தம் சன்னமாக, சுத்தமாக இருந்தால் செதில் நீளமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கரகரத்தால் விளிம்பு நொறுங்கிவிட்டது. கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும். தோலைத் திருப்பிப் பார்த்தால் மீன் செதிலை விடவும் சின்னதாக, வெளிச்சம் ஊடுருவும் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதன் விளிம்பைக் கையால் தொடாதீர்கள். கண்ணாடிக்கும் அப்சிடியனுக்கும் இயற்கையிலேயே கிடைக்கும் அந்தக் கூர்மையை எஃகுக் கத்தியில் தீட்டிக் கொண்டுவர முடியாது. டான் கிராப்ட்ரீ என்ற அமெரிக்கர், இந்தக் கலையைத் தானாகவே கற்று உலகத்துக்குச் சொல்லித் தந்தவர், 1975இல் தனக்கு நடந்த அறுவைச் சிகிச்சைக்குத் தானே செய்த அப்சிடியன் அலகுகளைக் கொடுத்தார். மருத்துவர் அதை வைத்துத்தான் அறுத்தார்.

சரி, இனி ஓட்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1991இல் ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில் ஆல்ப்ஸ் பனியிலிருந்து வெளிப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். அவரிடம் செம்புக் கோடரி இருந்தது என்று எல்லோரும் எழுதுவார்கள். அதே ஆளின் இடுப்பில் கல் கத்தியும் இருந்தது. ஆஷ் என்ற மரத்தில் பிடி, மரநாரில் பின்னிய உறை. செம்பும் கல்லும் ஒரே ஆளிடம், அதனதன் வேலைக்கு. நாம் மனப்பாடம் செய்த வரிசை இங்கேயே அடிபட்டுப் போகிறது. அவரிடம் இன்னொரு சாமானும் இருந்தது. பார்த்தால் தடித்த பென்சில் மாதிரி இருக்கும். ஒரு மரக்குச்சிக்குள் மான் கொம்புத் துண்டைச் செருகி, நுனி மட்டும் லேசாக வெளியே தெரிய வைத்திருக்கிறார். நான் பிடிக்கும் செம்புக் கம்பி செய்கிற அதே வேலையைச் செய்யும் கருவி. கத்தி மழுங்கினால் வழியில் உட்கார்ந்து அழுத்திக் கூர் ஏற்றிக்கொள்வதற்கு.

2018இல் வந்த ஒரு ஆய்வு அந்தக் கற்கருவிகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தது. வலது கைக்காரர். கல் ஒரே இடத்தில் எடுத்ததல்ல, மலைக்குத் தெற்கே உள்ள ட்ரெண்டினோ பகுதியின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்திருக்கிறது. கருவிகள் திரும்பத் திரும்பக் கூர் ஏற்றப்பட்டுத் தேய்ந்து, கிட்டத்தட்ட ஆயுள் முடிந்த நிலை. அம்பறாத்தூணியில் 14 அம்புத் தண்டுகள். முனை பொருத்தி முடித்தவை 2 மட்டும். நல்ல கல் கிடைக்காத இடத்தில், இருப்பதைத் தேய்த்துத் தேய்த்துச் சமாளித்துக்கொண்டு மலையேறியிருக்கிறார். முதுகுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்பு அவரைக் கொன்றது. இடது தோளுக்குள் அதன் கல் முனை இருப்பதை 2001இல்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு மனிதனின் கடைசி நாட்களில் எவ்வளவு தட்டுப்பாடு இருந்தது என்பதைச் சில கல் துண்டுகளின் விளிம்பிலிருந்து படிக்க முடிகிறது. இதைக் கரடுமுரடு என்று எப்படிச் சொல்வது?

இஷியையும் விட முடியாது. கலிஃபோர்னியாவின் யாஹி மக்களில் கடைசியாக மிஞ்சியவர். தங்கம் தேடி வந்தவர்களும் குடியேறிகளும் அவருடைய சனத்தைக் கொன்று தீர்த்தார்கள். 1911இல் தனியாளாக ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்தவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். 1916இல் காசநோயில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் முன் உட்கார்ந்து அம்புமுனை செய்து காட்டினார். அப்சிடியனில் செய்தார், பாட்டில் கண்ணாடியில் செய்தார். செய்ததைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தும் அனுப்பினார். ஒரு மனிதரைக் காட்சிப் பொருளாக்கிய அந்த ஏற்பாட்டை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் கைவேலை இன்றும் பேசுகிறது. ஸ்டீவன் ஷாக்லி என்ற ஆய்வாளர் 1990களில் இஷியின் அம்புமுனைகளை அளந்து பார்த்தார். பழைய யாஹி இருப்பிடங்களில் கிடைத்த முனைகளின் வடிவத்தைவிடப் பக்கத்து மக்களான வின்டு, நோம்லாகியினரின் வடிவத்துக்கே அவை நெருக்கமாக இருந்தன. யாரிடமோ கற்ற கைப்பழக்கம். வாயால் சொல்லாத ஒரு உறவை அம்புமுனையின் வடிவம் சொல்லிவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை முதன்முதலில் அடையாளம் கண்ட இடம் பல்லாவரம். 1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கைக்கோடரியை, அதாவது பிடி இல்லாமல் கையிலேயே பிடித்து வெட்டும் கற்கருவியை, எடுத்தார். அதே ஆண்டில் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்ற கற்கால இடம் தெரியவந்தது. பின்னாளில் அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு செய்து 2011இல் வெளியிட்ட முடிவு, அந்தக் கைக்கோடரிகளின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டுபோனது. 2018இல் வந்த அவர்களது இன்னொரு ஆய்வு, செதில் எடுக்கும் மூலக் கல்லான கருக்கல்லை முன்கூட்டியே சீவித் தயார் செய்து, நினைத்த வடிவில் செதில் எடுக்கும் முறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வந்துவிட்டதைக் காட்டியது. அத்திரம்பாக்கத்துக் கல் குவார்ட்சைட். ஐரோப்பியச் சிக்கிமுக்கி அளவுக்கு வளைந்து கொடுக்கிற கல்லே கிடையாது, கடினம். அதில் இருபுறமும் சமமாகச் செதில் எடுத்துக் கைக்கோடரி செய்தவர்கள் நம் மண்ணில் நடமாடினார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் செந்நிறத் தேரி மணலில் செர்ட்டிலும் வெங்கச்சங்கல்லிலும் செய்த விரல்நுனி அளவுக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. சின்னக் கல், சின்ன அலகு, அதை வரிசையாக மரத்தில் பதித்து ஆயுதமாக்கும் தலைமுறையின் வேலை.

இவ்வளவு இருந்தும் நம் கண்காட்சிப் பெட்டிகளில் என்ன பார்க்கிறோம்? ஒரு கைக்கோடரி, கீழே ‘கைக்கோடரி, பழைய கற்காலம்’ என்று ஒரு அட்டை. பிள்ளைகள் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, பார்க்க அங்கே எதுவும் வைக்கவில்லை. அந்தக் கோடரிக்குப் பக்கத்தில் ஒரு சுத்தியல் கல்லை வையுங்கள். கழன்ற செதில்களைக் கழன்ற வரிசையில் வையுங்கள். இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உட்கார்ந்து கல் தட்டிய இடத்தில் சில்லுகள் விழுந்தபடியே கிடந்தன. அவற்றைத் திரும்பப் பொருத்தி அடி விழுந்த வரிசையையே படித்தார்கள். முடிந்த கருவியைவிடக் கழிவுதான் அதிகம் பேசும். நாம் கழிவைக் காட்டுவதே இல்லை.

அதோடு, ஆள் உட்கார்ந்து தட்டிக் காட்ட வேண்டும். இந்தியாவில் கல்லிலிருந்து செதில் எடுக்கும் கை இன்னும் சாகவில்லை. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் என்ற வண்ணக் கல்லில் மணி செய்பவர்கள் தரையில் நட்ட இரும்புக் கம்பியின் கூரில் கல்லை வைத்து, எதிர்ப்பக்கம் எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டுகிறார்கள். கம்பி தொட்ட இடத்திலிருந்து செதில் கழல்கிறது. ஒருவர் தேர்ச்சி பெற வருடக்கணக்கில் ஆகிறது. அதே கம்பாத்தில் கல் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வந்து செத்தவர்களும் அநேகம். அந்தக் கைத்திறனைப் புகழ்கிற யாரும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர்களுக்குத் தூசி உறிஞ்சும் வசதியும் மருத்துவமும் நியாயமான கூலியும் கிடைப்பது கைவினைப் பாராட்டுவிழாவைவிட முக்கியம்.

பள்ளியில் செய்து காட்டலாமா, ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழகியவர் தட்டட்டும், பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும். எல்லோர் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி. திறந்தவெளி, கீழே தார்ப்பாய், தட்டுபவருக்கு முகக்கவசம். முடிந்ததும் ஒரு சில்லு விடாமல் பொறுக்கிவிட வேண்டும். பழைய இடங்களில் கிடைக்கும் கல்லைக் கையால்கூட எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விடும், அப்புறம் அது வெறும் கல். பார்த்தால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

புதிதாகத் தட்டிப் பழக நினைப்பவர்கள் பாட்டில் அடியில் ஆரம்பிக்கலாம். செய்து முடித்த ஒவ்வொன்றின் மேலும் அழியாதபடி ஆண்டைக் கீறி வையுங்கள். சில்லுகளை வயலிலோ ஆற்றோரத்திலோ கொட்டாமல், தகர டப்பாவில் அடைத்து, உள்ளே தேதியோடு ஒரு புது நாணயத்தையும் போட்டு மூடி வையுங்கள். நாளைக்கு யாராவது தோண்டி எடுத்தால் குழம்பக் கூடாது.