ஏஐ யாரிட்டப் படிச்சது எண்டும் பேட்டன்ட்ல எழுதவேணும்

ஏஐ ஏதும் ஒண்டைக் கண்டுபிடிச்சா பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்குக் குடுக்கிற தனி உரிமை) யாருக்கு எண்டுதான் எல்லா இடத்திலயும் கதை. ஸ்டீவன் தாலர் எண்டவர் தன்ர டாபஸ் எண்ட ஏஐ மெஷினைக் கண்டுபிடிப்பாளரா பதியச் சொல்லி நாடு நாடா கேட்டார், தென்னாபிரிக்கா 2021ல குடுத்தது, அமெரிக்க நீதிமன்றம் 2022லயும் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023லயும் மனுசன்தான் கண்டுபிடிப்பாளரா இருக்கலாம் எண்டு முடிச்சிட்டுது. ஆனா எங்கட மாதிரி நாடுகளுக்கு அந்த மெஷின் யாரிட்டப் படிச்சது எண்டதுதான் பெரிய கேள்வி.

கொத்தல ஹிம்புட்டு எண்ட மருந்துச் செடியை எடுங்கோ. புறக்கோட்டை கெபோஸ் லேன் பக்கம் மருந்துச்சரக்கு வாங்கப் போற ஆக்களுக்குத் தெரியும், அந்தச் செடியின்ர கட்டையில கடைஞ்ச கோப்பையில இரவு தண்ணி ஊத்தி வச்சிட்டு விடிய எழும்பிக் குடிக்கிறது சீனி வருத்தக்காரரின்ர பழைய வழக்கம். 1997ல ஜப்பான் கியோட்டோவில ஆய்வாளர்கள் அந்தச் செடியில இருந்து சலசினோல் எண்ட சேர்வையைப் பிரிச்செடுத்தினம், கட்டுரையின்ர தலைப்பிலயே இலங்கை, இந்திய ஆயுர்வேத மருந்து எண்டு போட்டவை. பிறகு ஜப்பான் கொம்பனியொண்டு அந்தச் செடிச் சேர்வைக்கு அமெரிக்காவில பேட்டன்ட் எடுத்தது. ஆய்வு நல்ல ஆய்வுதான், அதில எனக்குக் கோவமில்ல. பேட்டன்ட்ல செடியின்ர பேர் இருந்ததால இது எங்கட சாமான் எண்டு கேக்கவாவது ஏலுமா இருந்தது.

இனி அதுவும் ஏலாது. சலசினோலின்ர அமைப்பு டேட்டாபேஸ்ல கிடக்கு, ஏஐ மொடல் அதைப் பாத்து அதே வேலை செய்யிற ஆயிரம் புது மூலக்கூறு வரைஞ்சு தரும், அதில ஒண்டை எடுத்து லேப்ல செஞ்சு பேட்டன்டுக்குப் போட்டா விண்ணப்பத்தில செடியும் இருக்காது, இலங்கையும் இருக்காது, கோப்பையில தண்ணி வச்சுக் குடிச்ச சனமும் இருக்காது. கட்டுநாயக்கவில சூட்கேசுக்குள்ள வல்லப்பட்ட எண்ட வாசனை மரக்கட்டை கொண்டு போறவனை கஸ்டம்ஸ் பிடிக்கும். ஜீன் பாங்க் எண்ட இன்டர்நெட் டேட்டாபேஸ்ல கிடக்கிற டிஎன்ஏ ஃபைலை எந்த கஸ்டம்ஸ் மறிக்கும்?

மஞ்சளுக்கு 1995ல அமெரிக்காவில குடுத்த பேட்டன்டை இந்தியா பழைய ஏடும் கட்டுரையும் காட்டி, இது புதுசில்ல எண்டு 1997ல ரத்துச் செய்ய வச்சது. ஐரோப்பாவில வேம்புக்குக் குடுத்த பேட்டன்டை எதிர்த்த வழக்கு 2005 வரைக்கும் இழுபட்டது. இப்பிடியான வழக்குகளாலதான் இந்தியாக்காரர் பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகம் எண்டு 2001ல தொடங்கி, தமிழ் சித்த மருத்துவ நூல்களையும் சேர்த்து அஞ்சு மொழியில போட்டு, பேட்டன்ட் அலுவலகங்கள் மட்டும் பாக்கிற மாதிரி ஒப்பந்தத்தோட குடுத்தினம்.

எங்களிட்ட என்ன இருக்கு? 1981ல யாழ்ப்பாண நூலகத்தோட எரிஞ்ச ஓலைச்சுவடி போக மிச்சம் பரம்பரை வைத்தியர் வீடுகள்ல கிடக்கு. அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்டில திறந்து போடுவம் எண்டு நல்ல மனசோட சொல்லுற ஆக்கள் இருக்கினம், எனக்கு அது பயம். திறந்து போட்டா ஆதாரம் ஆகும், உண்மை. ஆனா அதே நாள் அது எவன்ர மொடலுக்கும் தீனியாகவும் போகும், வைத்தியர் குடும்பத்துக்கு ஒரு சதமும் வராது. பூட்டி வச்சிருந்தாலும் பேட்டன்ட் பரிசோதகருக்கு அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது. பரிசோதகர் மட்டும் பாக்கிற மாதிரி, வைத்தியர்மாரின்ர சம்மதத்தோட செய்யிறதுதான் சரி எண்டு நினைக்கிறன்.

2024 மே 24ல வைபோ எண்ட உலக புலமைச் சொத்து நிறுவனத்தில ஒரு ஒப்பந்தம் நிறைவேறினது. செடி, உயிரி மாதிரி மரபணு வளத்தைப் பாவிச்சா எந்த நாட்டில இருந்து வந்தது எண்டு விண்ணப்பத்தில சொல்லவேணும். 1999ல கொலம்பியா கேட்டதில இருந்து 25 வருசம் கதைச்சு வந்தது, அதுக்கு மரியாதை இருக்கு. ஆனா உள்ளுக்கு வாசிச்சுப் பாருங்கோ. டிஜிட்டல் மரபணுத் தகவல், அதாவது நான் சொன்ன டிஎன்ஏ ஃபைல் மாதிரியானதுகள் பற்றி ஒரு சொல் இல்ல. சொல்லாம விட்டதுக்காக மட்டும், மோசடி எண்ணம் இல்லாட்டி, பேட்டன்டை ரத்துச் செய்யேலாது. இன்னொரு விசயம், எங்க இருந்து வந்தது எண்டு தெரியாட்டி தெரியாது எண்டு அறிவிச்சாச் சரி. ஏஐ பாவிக்கிற கொம்பனி அதைப் பொய் சொல்லாமலே எழுதலாம், ஏனெண்டா மொடல் எதைப் படிச்சு இதைத் தந்தது எண்டு உண்மையிலயே அவைக்குத் தெரியாது!

அதால எங்கட 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைத் திருத்தேக்க ஏஐ பாவிச்சதா, எந்த டேட்டாவில பயிற்றினது எண்டதையும் கேக்கவேணும், தெரியாது எண்டு எழுதினா தேடிப் பாக்கிற பொறுப்பு விண்ணப்பக்காரருக்கே போகவேணும். இலங்கைச் சட்டம் இலங்கைப் பேட்டன்டைத்தான் கட்டுப்படுத்தும், தெரியும், ஆனா நாங்களே கேக்காததை வைபோவில போய் மற்ற நாடுகளிட்ட எப்பிடிக் கேக்கிறது? கொழும்பில சட்டம் படிக்கிற தம்பி தங்கச்சிமார், யாழ்ப்பாணத்திலயும் திருகோணமலையிலயும் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளையளோட சேர்ந்து இதை ஆய்வுக்கு எடுங்கோ. முதல்ல எந்தெந்த வீட்டில என்ன ஏடு இருக்கு எண்ட பட்டியலையாவது போடுங்கோ, ஏட்டுக்குள்ள இருக்கிறதை வெளியில விடாம.