ஓடு மாற்றக் கூப்பிட்டால் கடப்பாரையோடு வருகிறார்கள்

தொழுவத்துக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றித் தர இந்தக் கடலூர் மாவட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை. அதே தொழுவத்தை இடித்துத் தர எத்தனை பேர் வேண்டும், சொல்லுங்கள், நாளைக் காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். வயிறு எரிகிறது. யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார். நான் புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுவேன். தம்பி சிங்கப்பூரில். வீட்டுக்குப் பின்னால் கொல்லை. அதில் ஒரு பழைய மாட்டுத் தொழுவம், அதை ஒட்டி ஒரு சாமான் அறை, கரும்புத் தோகை வேய்ந்த விறகுக் கொட்டகை, கிணறு, துவைக்கிற கல், அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற வாழை, ஒரு பலா, வேலியோரம் ரெண்டு பனை, அப்புறம் அம்மாவின் கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல். மாட்டை விற்று வருஷக்கணக்காகிறது. தொழுவத்து ஓட்டைச் சரிசெய்து, சுவரைப் பூசி, தரையைத் திருத்தினால் நெல் மூட்டை அடுக்கலாம், பேரப் பிள்ளைகள் வந்தால் ஊஞ்சல் கட்டலாம். கொட்டகைக்குப் புதுக் கூரை, பந்தலுக்குக் கல்கால். அம்மாவின் ஆசை இவ்வளவுதான். அரண்மனை கட்டச் சொல்லவில்லை.

முதலில் வந்த மேஸ்திரி கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சுவரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "இது தாங்காது மேடம். இடிச்சுட்டு இரும்பு ட்ரஸ் அடிச்சு கலர் ஷீட் போட்டுடலாம். மூணே நாள் வேலை" என்றார். ஓடு மாற்றத்தானே கூப்பிட்டேன் என்றேன். "ஓடெல்லாம் இப்ப யாரு மேடம் போடறா?" என்று சிரித்தார். அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "சார் எப்ப வருவாரு?" எந்த சார் என்று கேட்டேன். "வீட்டு சார்தான். அவருகிட்ட பேசிக்கறேன்." காசு கொடுப்பவள் நான், வீட்டுக்காரி அம்மா, இரண்டு பேரும் எதிரில் நிற்கிறோம். வராத சாரிடம் பேசிக்கொள்வாராம்.

அடுத்து வந்தவர்களும் அதே பாட்டுத்தான். ஒருவர் பச்சை ஷீட் என்றார், இன்னொருவர் நீல ஷீட் என்றார், வித்தியாசம் அவ்வளவுதான்.

தாங்காது, தாங்காது என்கிறார்களே, நானே ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கைமரம் எல்லாம் வைரம் பாய்ந்த பனை. கறுத்துப்போய் இரும்பு மாதிரி கிடக்கிறது, ஆணி வைத்தால் ஆணி வளைகிறது. ஒரு முனையில் மட்டும் கரையான் ஏறி ஒரு முழத்துக்கு உளுத்திருக்கிறது. ஓடு உட்காருகிற ரீப்பர் சட்டம் சில இடத்தில் தொங்குகிறது. ஒரு பாதி நாட்டு ஓடு, மறுபாதி சீமை ஓடு, தாத்தா காலத்துக்குப் பின்னால் நீட்டியது. சீமை ஓட்டுப் பக்கம் தென்னை மட்டை விழுந்து உடைந்தது ஒரு கூடைக்கு இருக்கும். நாட்டு ஓட்டுப் பக்கம் உடையவே இல்லை, பூனை ஓடி ஓடி வரிசை கலைந்திருக்கிறது, இடுக்கில் பலா இலை அடைத்துத் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்து, தூசி தட்டி, திரும்ப மேய்ந்தால் தீர்ந்தது. முகட்டு ஓட்டுக்குக் கொஞ்சம் சாந்து. இந்த வேலையைத்தான் "தாங்காது" என்ற ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டுப் போகிறார்கள்.

ஷீட் தாங்கும் கதையும் எங்களுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நாங்கள் எல்லாரும் இந்த வீட்டில்தான் இருந்தோம். காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடி ஷீட், மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போய்க் கரும்புக் கொல்லையில் கிடந்தது. பறந்த ஷீட் கழுத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் தொழுவத்திலும் ஓடு போயிற்று, இல்லை என்று சொல்லவில்லை. போன ஓட்டுக்குப் பதில் ஓடு வைத்தோம், முடிந்தது. ஷீட்டை அப்படி வைக்க முடியுமா? வளைந்தது வளைந்ததுதான். போதாததற்கு இது கடல்காற்று அடிக்கிற ஊர். திருகாணியைச் சுற்றித்தான் முதலில் துரு பிடிக்கும், ரப்பர் வாஷர் வெயிலில் வெடிக்கும், அந்தத் துளை வழியாகவே ஒழுகும். சித்திரை மத்தியானம் அந்த ஷீட்டுக்கு அடியில் நெல் மூட்டை இருக்கலாம், மனுஷர் இருக்க முடியாது.

சரி, கூரையை விடுங்கள். சுவருக்கு வருகிறேன்.

எங்கள் தொழுவத்துச் சுவர் நாட்டுச் செங்கல், மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. கீழே ஒரு முழ உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. அதற்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட்டை அப்பினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, ஒருநாள் பூச்சு செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். இது எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்னதில்லை. பெரியப்பா வீட்டில் பார்த்தது. நல்ல சுவருக்குச் சிமெண்ட் பூசி, பெயின்ட் அடித்தார்கள், ரெண்டு மழைக்காலம் தாண்டவில்லை, சுவர் முழுக்கக் கொப்புளம். விரலால் அழுத்தினால் உள்ளே மாவு மாதிரி செங்கல் கொட்டுகிறது. அதே மேஸ்திரியைக் கூப்பிட்டால் என்ன சொல்கிறார்? "பழைய சுவர் மேடம், அதான் தாங்கல. இடிச்சுடலாம்." அட, அது இத்தனை காலம் நின்றது உம் கண்ணுக்குத் தெரியவில்லையா?

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் ஒயிட் டவுன் பக்கம் போங்கள், பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிற இடத்தில் சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, கண்ணாடி மாதிரி தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். அதே பூச்சு நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு மாட்டுத் தொழுவத்துக்கு வேண்டும் என்றால், "சின்ன வேலைக்கு அவ்வளவு தூரம் ஆள் அனுப்ப முடியாதுங்க." பங்களாவுக்குப் பாரம்பரியம், எங்களுக்குக் கடப்பாரை.

மேஸ்திரிகளை மட்டும் திட்டி என்ன பயன். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஓடு பொறுக்கி அடுக்குவதில் என்ன கிடைக்கும்? நாள் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்தாலும் அளந்து காட்ட ஒன்றும் இருக்காது. ஊரில் ஓடு மேய்ந்த பெரியவருக்கு இப்போது ஏணி ஏற முடியவில்லை, பிள்ளைகள் நெய்வேலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டார்கள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் முடியாது என்றால் முடியாது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஓடுதான், சுண்ணாம்புதான், நீங்க சொல்றதுதான் மேடம் என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அட்வான்ஸ் வாங்கினார். "நாளைக்கு வந்துடறேன்" என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. போன் அடித்தால் முதலில் எடுத்தார், அப்புறம் அவர் வீட்டுப் பெண்பிள்ளை எடுத்தது, இப்போது சுவிட்ச் ஆஃப்.

இதற்கு நடுவில் தம்பி. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி எல்லாம் ஃபார்ம் ஹவுஸ் வீடியோ பார்க்கிறான், விடிந்தால் எனக்கு அனுப்புகிறான். கொல்லை முழுக்க பேவர் பிளாக் போட்டுவிடலாமாம். சுத்தமாக இருக்குமாம், பாம்பு வராதாம். தெருவில் எல்லா வீட்டிலும் போட்டாயிற்றாம், நம் வீடு மட்டும்தான் பட்டிக்காடாம். பட்டிக்காட்டில் இருக்கிற வீடு பட்டிக்காடாக இல்லாமல் வேறு எப்படியடா இருக்கும்?

மணல் படுக்கையில் பதித்தாலாவது இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். இங்கே போடுகிறவர்கள் அடியில் ஜல்லியும் சிமெண்ட்டும் கொட்டி இறுக்கிவிட்டுத்தான் கல்லைப் பதிக்கிறார்கள். ஒரு சொட்டு இறங்காது. 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்புக் கட்டாயம் என்று குழி தோண்டவைத்த மாநிலம் இது. அந்தக் குழியின் மேலேயே பேவர் பிளாக் போட்ட வீட்டை எங்கள் தெருவில் காட்டுகிறேன், வாருங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம். ஆற்று வெள்ளத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது, சரி. ஆனால் எங்கள் தெருவில் மழை அன்றைக்கே முழங்கால் தண்ணீர். அது ஆற்றிலிருந்து வரவில்லை, கல் பதித்த வாசல்களிலிருந்தும் கொல்லைகளிலிருந்தும் வழிந்தது. எங்கள் கொல்லையில் சேறுதான், மறுநாள் மத்தியானம் இறங்கிப்போயிற்று. "உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக்கு வருது" என்று பக்கத்து இரண்டு வீடுகளும் கட்டிப் புரண்டு சண்டை போட்டதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவிடம்தான் இவன் போனில் பேவர் பிளாக் விற்கிறான். "மண்ணில்லாம எங்கடா சாணி தெளிக்கறது, கட்டம் கட்டமா இருக்கற கல்லுல எப்படிடா கோலம் போடறது?" என்று கேட்டார். ஸ்டிக்கர் இருக்கிறது என்கிறான்.

அவன் ஏற்பாட்டில் ஒரு தோட்டக்காரப் பையனும் வந்தான். தோட்டக்காரர் என்றால் மண்வெட்டியோடு வருவார் என்று நினைத்தேன், லேப்டாப்போடு வந்தான். கத்தரிப் பாத்தி இருக்கிற இடத்தில் கொரியன் புல், வேலிக்குப் பதில் வரிசையாகக் கோனோகார்பஸ். தமிழ்நாட்டில் அதை நடக்கூடாது என்று 2025-ல் அரசே உத்தரவு போட்ட செடி. கேட்டால் "நல்லா அடர்த்தியா வரும் ஆன்ட்டி" என்கிறான். புல்வெளியில் நிற்க ஃபைபரில் ஒரு கொக்கு, ஒரு மான். புவிசார் குறியீடு வாங்கிய சுடுமண் குதிரை வில்லியனூரில் செய்கிறார்கள், பஸ் ஏறினால் வாங்கிவந்துவிடலாம். இவர்களுக்கு ஃபைபர் கொக்குதான் அழகு. பனை இரண்டையும் எடுத்துவிட்டால் வியூ வரும் என்றான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாயிற்று என்றேன். கிராமத்தில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்தான்.

அப்புறம் பலாவைக் காட்டினான். இலை கொட்டுகிறது, ஈ மொய்க்கிறது, அதை எடுத்துவிட்டால் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்றான்.

அந்தப் பலா என்ன பலா என்று அவனுக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரியும். தானே புயல் அடித்த அன்றைக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததில் எங்கள் தாத்தா வைத்த மரமும் ஒன்று. அப்பா சாப்பிடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதே மரத்துப் பழத்தின் கொட்டையை யாரோ சொந்தக்காரர் வீட்டிலிருந்து தேடி வாங்கி வந்து போட்டு, ஆடு கடிக்காமல் முள் கட்டிக் காத்து, முதல் காய் விட்டபோது அடிமரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அதை வெட்டிவிட்டு, வருஷத்தில் பத்து நாள் வருகிற தம்பியின் வாடகைக் கார் நிற்க வேண்டுமாம். லேப்டாப்பை மூடு, மோர் குடித்துவிட்டுக் கிளம்பு என்றேன். அம்மா மோர்கூடக் கொடுக்கவில்லை.

இப்போது நிலவரம் இதுதான். தொழுவத்தின் மேல் நீலத் தார்ப்பாய். காற்றடித்தால் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொள்கிறது, அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. விறகுக் கொட்டகைக்குத் தோகை கேட்டால் அறுவடை முடியட்டும் என்கிறார்கள். தம்பி பொங்கலுக்கு வருகிறான். அதற்குள் "இடத்தை கிளியர் பண்ணி வைக்க" எனக்கே சொல்லாமல் ஒரு ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டிருக்கிறான். அவர் வழி கேட்டு எனக்கு அடித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. கொல்லையில் வண்டி இறங்கினால் சாவியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவேன் என்று கத்தினேன்.

ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "கெணறு வேற இருக்குதாக்கா? அதையும் மண்ணடிச்சு மூடிக் குடுத்துடட்டுமா?"