ரிங்காடு ஐயாவுக்கு மாலை மட்டும் போதுமா?

மொரீசியஸின் விடுதலை நாளான மார்ச் 12 வந்தால் போதும், இங்குள்ள நம் தமிழ்ச் சங்க மேடைகளில் வீராசாமி ரிங்காடு படத்துக்கு மாலை விழும். "மொரீசியஸின் முதல் குடியரசுத் தலைவர் ஒரு தமிழர்!" என்று ஒருவர் முழங்குவார். கைதட்டல். அத்தோடு சரி.

எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பதவியில் அவர் இருந்தது 1992 மார்ச் முதல் ஜூன் வரைதான். 1986 முதலே எலிசபெத் அரசியின் பிரதிநிதியாக, கவர்னர் ஜெனரலாக இருந்தவர். நாடு குடியரசானதும் பதவியின் பெயர் மாறியது. அதிகாரம் என்னவோ அப்போதும் பிரதமரிடம்தான்.

அவர் உண்மையில் பாடுபட்டது அதற்கு முன்னால். லண்டனில் சட்டம் படித்த பாரிஸ்டர், தொழிற்கட்சிக்காரர். 1968இல் விடுதலை பெற்ற கையோடு பிரதமர் சிவசாகர் ராம்கூலம் அவரிடம் ஒப்படைத்தது நிதி அமைச்சகத்தை. கரும்பை விட்டால் வேறு பிழைப்பில்லாத தீவு. பெருகிக்கொண்டே போகும் மக்கள்தொகை. வேலையில்லாத இளைஞர் கூட்டம். இந்த நாடு தேறுமா என்று வெளிநாட்டு அறிஞர்களே சந்தேகப்பட்ட காலம். அந்தக் கணக்குப் புத்தகத்தை 14 ஆண்டுகள் சுமந்தவர் அவர்.

1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. ஏற்றுமதிக்கென்று ஆலை வைப்பவர்களுக்கு வரிச்சலுகை. என் சின்னம்மா அப்படி ஒரு ஸ்வெட்டர் ஆலைக்குப் போனவர். வட்டமான எந்திரத்தில் வரிசையாக ஊசிமுனைகள் நிற்கும். கழுத்துப் பட்டியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அதில் மாட்ட வேண்டும். ஒரு கண்ணி தவறினால் தையல் பிரிந்துவிடும். கண் போய்விடும் என்று பாட்டி திட்டுவாராம். ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண் கையில் சம்பளக் கவர் வந்தது அதுதான் முதல் தடவை.

சறுக்கலையும் சொல்லத்தான் வேண்டும். 1974 வாக்கில் சர்க்கரை விலை எகிறியது, கஜானா நிறைந்தது. சம்பளமும் மானியமும் ஏறின. 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமானது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். விலை சரிந்த பிறகும் செலவு குறையவில்லை, கடன்தான் ஏறியது. 1979இல் மொரீசியஸ் ரூபாயின் மதிப்பை சுமார் 30 விழுக்காடு குறைத்தார்கள், 1981இல் மறுபடி 20. அரிசியைக் கப்பலில் இறக்கிச் சாப்பிடும் நாட்டில் அது நேரே சோற்றுப் பானையில் விழுந்த அடி. 1982 தேர்தலில் எதிரணி தீவின் இடங்களை 60-0 என்று துடைத்தெடுத்தது. எண்பதுகளில் ஆலைகள் பெருகியபோது பெயர் வாங்கியவர்கள் வேறு ஆட்கள். விலையேற்றப் பழி மட்டும் இவர் தலையில்.

1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளியபோது கொதித்தெழுந்தோம். நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தோம். சரியான போராட்டம்தான். அந்த அக்கறையில் கால்வாசியை, அதே ரூபாயைக் கட்டிக் காக்கப் படாதபாடு பட்ட நம்மவர் மேல் காட்டினால் என்ன?

"தோல்வியைக் கிளறி நம் ஆளையே சிறுமைப்படுத்தலாமா?" என்று சிலர் கோபப்படுவீர்கள். ராம்கூலமும்தான் 1982இல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அதை யாரும் மறைப்பதில்லை, அவர் மதிப்பும் குறையவில்லை.

அந்தக் காலத்தில் நிதி அமைச்சகத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் இதைப் படித்தால், 1979இல் உள்ளே என்ன வாக்குவாதம் நடந்தது என்று கீழே எழுதுங்கள் ஐயா. எனக்கு அதுதான் வேண்டும்.