2013க்குப் பிறகு எதுவும் வரவில்லையா?

"2013-ல் ஆல்டன் டவர்ஸில் ஸ்மைலர் வந்ததோடு சரி, அப்புறம் பிரிட்டனில் பெரிய ரோலர் கோஸ்டரே கட்டவில்லை, ஓக்வுட் மூடியதே அத்தாட்சி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (ஆல்டன் டவர்ஸும் ஓக்வுட்டும் தீம் பார்க்குகள், ஸ்மைலர் ஒரு ரோலர் கோஸ்டர்). இது தவறு.

2018-ல் மட்டும் ஆல்டன் டவர்ஸில் மரத்தாலான விக்கர் மேன், பிளாக்பூலில் ஐகான் என இரண்டு திறந்தன. 2024-ல் தோர்ப் பார்க்கில் ஹைபீரியா வந்தது. உயரம் 236 அடி. 1994-லிருந்து நாட்டிலேயே உயரமாக இருந்தது பிளாக்பூலின் பிக் ஒன், 213 அடி. முப்பது வருடச் சாதனை அது, சும்மா உடைந்துவிடவில்லை! அதே 2024-ல் ஆல்டன் டவர்ஸின் நெமிசிஸும் கிட்டத்தட்ட முழுத் தண்டவாளத்தையும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

ஓக்வுட் 2025-ல் மூடியது எனக்கும் பெரிய வருத்தம். அங்கிருந்த மெகாஃபோபியா மாதிரி ஒரு மரக் கோஸ்டர் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் அது வேல்ஸின் மேற்குக் கோடியில் இருந்த பார்க். கூட்டம் குறைந்ததையும் செலவு ஏறியதையும் உரிமையாளர்களே காரணமாகச் சொன்னார்கள். அதை வைத்து நாடு முழுவதையும் எடைபோட முடியாது. இங்கிலாந்தின் பெட்ஃபர்டில் 2031-ல் திறக்கும் திட்டத்தோடு யுனிவர்சல் தீம் பார்க் வருகிறது, செத்த சந்தைக்கு யாரும் அவ்வளவு பணம் கொண்டுவர மாட்டார்கள்.

தரத்தைப் பற்றிக் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கூடுதல் காசு கொடுத்தவர்களை முன்னால் விடுவதால் சாதாரண வரிசை நகராமல் நிற்பது உண்மையிலேயே அநியாயம்.